யோகட் கிண்ணத் திறப்பு விழா

அழகாயி அந்தக் கிண்ணத்தைச் செய்ய, தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் நேரம்கூடப் பிடிக்காது. கண்ணாடிக் கிளாஸ் ஒன்று. அடியில் மசித்த வாழைப்பழம், அதன் மேல் யோகட், அதன் மேல் மாம்பழம், மறுபடி யோகட், உச்சியில் நொறுக்கிய பிஸ்கட் கொஞ்சம். அவ்வளவுதான். இதை ஒரு திட்டம் என்றோ, மாத்தளை மாவட்டத்தின் எதிர்காலம் என்றோ அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. மாவட்டத்தின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு அரசாங்கக் கந்தோரில் ஆட்கள் இருந்தார்கள். அவளுக்குப் புருஷன் சாப்பிட்டால் போதும்.

புருஷன் பொன்னுத்துரை, மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இறங்கும் இடத்தை அவர் கத்திச் சொன்னால் தூங்குகிறவன் மட்டுமல்ல, இறங்க வேண்டாதவனும் எழுந்து நிற்பான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்ச் சிகிச்சை. கட்டி போய்விட்டது. போகும்போது நாக்கின் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு மண் மாதிரி இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார். உப்பா, உறைப்பா, இனிப்பா என்று எதைக் கேட்டாலும் ஒரே தலையாட்டல். சிரமமில்லாமல் உள்ளே இறங்கியது இந்தக் கிண்ணம் மட்டும்தான். அடுக்கடுக்காக வைத்தால் கண்ணாவது கொஞ்சம் ருசி பார்க்கட்டும் என்றுதான் அழகாயி அப்படி வைத்தாள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

அடுத்த கிளினிக்குக்குள் எடை இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது அழகாயிக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை. விறைத்த காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி நாளை இழுத்துக்கொண்டு நடந்தாள். யார் வா என்றாலும் போனாள், யார் உட்கார் என்றாலும் உட்கார்ந்தாள். கந்தோருக்கு இப்படிப்பட்ட ஆட்களைத்தான் மிகவும் பிடிக்கும்.

பதுர்தீன் என்ற உத்தியோகத்தர் முதல்முறை வந்தது, தெருவில் எத்தனை வீட்டில் கிணறு இருக்கிறது என்று கேட்டுப்போகத்தான். அழகாயி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் அதை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் ஒரு கிண்ணத்தை அடுக்கி, பொன்னுத்துரையின் கையில் கொடுத்து, கரண்டியையும் கழுவிவிட்டாள். பதுர்தீனுக்குக் கிணறு மறந்துபோயிற்று.

"இதுக்குப் பேரு என்னாம்மா?"

"பேரு ஒன்னும் இல்லீங்க சேர். பழமும் யோகட்டும்."

"பேரில்லாம எப்படி இவ்வளவு நாள் செஞ்சீங்க?" என்றார் பதுர்தீன். குரலில் உண்மையான கவலை இருந்தது.

அவருடைய கவலைக்குக் காரணம் உண்டு. கந்தோரில் 'ஐந்து நிமிட வீட்டுச் சிற்றுண்டி ஊக்குவிப்புப் பிரிவு' என்று ஒன்று திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்கு ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு இறப்பர் முத்திரை, ஒரு பணிப்பாளர் எல்லாம் இருந்தார்கள். சிற்றுண்டிதான் இல்லை. வருஷம் முடிவதற்குள் எதையாவது ஊக்குவித்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அழகாயி அவர் கண் முன்னாலேயே யோகட்டை ஊற்றிவிட்டாள்.

ஒரு வாரத்தில் அந்தக் கிளாஸுக்குப் பேர் வந்துவிட்டது. பல்லடுக்குப் பழயோகட் போசணைக் கிண்ணம். அழகாயி அதை ஒரே மூச்சில் சொல்லிப்பார்த்தாள். அதைச் சொல்லும் நேரத்தில் பாதிக் கிண்ணம் செய்துவிடலாம் என்று தோன்றியது.

பேர் வந்த பிறகு பயிற்சி வந்தது. பயிற்சி பெறவேண்டியவர்களில் முதல் பேர் அழகாயியுடையது.

"நான்தானே சேர் செய்றேன். எனக்கு என்னா பயிற்சி?" என்று பதுர்தீனிடம் கேட்டாள்.

"செய்றது வேறம்மா, சான்றிதழோட செய்றது வேற. நீங்க இவ்வளவு நாளும் செஞ்சது அனுமதியில்லாம செஞ்சது. அத நாங்க பெரிசா எடுக்கல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "பயனாளிக்கு ஒரு சின்ன பிரிட்ஜும் குடுப்பாங்க" என்றார்.

பிரிட்ஜ் என்றதும் அழகாயி நின்றாள். அவளுடைய யோகட் பக்கத்து வீட்டு றாபியாவின் பிரிட்ஜில்தான் இருந்தது. றாபியா முகம் கோணாத மனுஷி. ஆனால் அவள் அக்குறணையில் மகள் வீட்டுக்குப் போகும் நாட்களில் வீட்டைப் பூட்டுவாள், யோகட்டும் உள்ளே பூட்டுப்படும். அந்த நாட்களில் பொன்னுத்துரை தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அதனால் அழகாயி பயிற்சிக்குப் போனாள்.

பயிற்சி மூன்று நாள் நடந்தது. ஐந்து நிமிடத்தில் செய்வது எப்படி என்பதை அதற்குக் குறைந்த நேரத்தில் விளக்க முடியாது என்றார்கள். பாடம் நடத்த வளவாளராக வந்தவர் நல்லையா, அந்தப் பிரிவின் பணிப்பாளர். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். தமக்குச் சளித் தேகம் என்பதால் பிறந்ததிலிருந்து யோகட்டை வாயில் வைத்ததில்லை என்றும், ஆகவே இந்த விடயத்தைப் பக்கச்சார்பின்றி அணுகக்கூடியவர் தாம் ஒருவரே என்றும் சொல்லித் தொடங்கினார்.

"அடுக்கு என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்தார். சபையில் அழகாயியும், யட்டவத்தையிலிருந்து தையல் பயிற்சி என்று நினைத்து வந்துவிட்ட சில பெண்களும் இருந்தார்கள். அவரே பதிலும் சொன்னார். "ஒன்றின் மேல் ஒன்று இருப்பது அடுக்கு. மேலே இருப்பது கீழே இருப்பதை அழுத்தும். கீழே இருப்பது மேலே இருப்பதைத் தாங்கும். எங்கள் திணைக்களமும் அப்படித்தான் இயங்குகிறது."

யோகட் கொள்வனவுக்கு அனுமதி வராதபடியால் செய்முறைப் பயிற்சி காகிதத்தில் நடந்தது. வெள்ளைக் காகிதம் யோகட், மஞ்சள் காகிதம் பழம். அழகாயி காகிதங்களைக் கிளாஸில் போட்டாள். நல்லையா குனிந்து பார்த்து, மஞ்சள் கொஞ்சம் கனிந்திருக்க வேண்டும் என்றார். அந்த மூன்று நாளும் பொன்னுத்துரைக்கு றாபியாதான் ஊட்டினாள்.

இரண்டாம் நாள் வீடு திரும்பியபோது றாபியா வாசலில் நின்றிருந்தாள். "அழகாயிக்கா, என்னத்தப் படிச்சிக் குடுத்தாங்க?"

"கடதாசிய அடுக்குனோம்."

"மச்சான் இன்னைக்கு அரைவாசிதான் சாப்பிட்டாரு. நீங்க எங்கன்னு கேட்டாரு. யோகட் செய்யப் பழகப் போயிட்டாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு." றாபியாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும்போயிற்று. அழகாயிக்கு வரவில்லை.

பயிற்சிக்குப் பிறகு, எந்த அடுக்கு எங்கே வருவது என்று தீர்மானிக்கும் அடுக்குக் குழு கூடியது. அதற்கும் அழகாயியைக் கூப்பிட்டுக் கதவோரம் ஒரு கதிரையில் உட்காரவைத்தார்கள். நல்லையாவுக்கு இந்தக் கிண்ணத்தில் தேசியம் தெரிய ஆரம்பித்திருந்தது. "ஒவ்வொரு அடுக்கும் ஒரு சமூகம்" என்றார். "எல்லாம் ஒரே கிண்ணத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பக்கத்தில் இருப்பது யார் என்பதுகூடத் தெரியாமல் அமைதியாக இருக்கின்றன. இதைத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் நல்லிணக்கம் என்று சொல்லிவருகிறோம்." எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும் மூலையிலிருந்து ஒருவர், அப்படியானால் அடியில் இருக்கப்போவது யார் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் பின்னேரம்வரை போயிற்று. கடைசியில், யாரும் யாருக்கும் கீழே வராதபடி அடுக்குகளைப் படுக்கையாக வைக்காமல் நெட்டுக்கு நிறுத்துவது என்று முடிவானது. செய்துபார்க்கச் சொல்லி அழகாயியிடம் கொடுத்தார்கள். அவள் முயன்றாள். யோகட் போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டு பழைய முறைக்கே திரும்பினார்கள்.

திறப்பு விழாவை அழகாயியின் வீட்டிலேயே வைப்பது என்று தீர்மானித்தார்கள். வீட்டில் செய்யும் சிற்றுண்டியை மண்டபத்தில் திறந்துவைத்தால் கணக்காய்வில் கேள்வி வருமாம். விழாவுக்கு முதல்நாள் ஆட்கள் வந்து முற்றத்தில் பந்தல் போட்டார்கள். முன்சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், கேமராவில் விழும் உயரத்துக்கு மட்டும். மூன்று மொழியிலும் எழுதிய பெனர் ஒன்றைக் கட்டினார்கள். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கிண்ணம், நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஓர் அடுக்கு.

"இது என்னா பழம் சேர்?" என்று கேட்டாள் அழகாயி.

"பப்பாசி. பிரிண்ட் பண்றவன் போட்டுட்டான்."

"நான் பப்பாசி போடறதில்லீங்களே. வாழப்பழமும் மாம்பழமும்தான்."

"பெனர் அடிச்சாச்சே அம்மா" என்றார் பதுர்தீன். பப்பாசிப் பழங்கள் வந்து இறங்கின.

விழா நாள் காலையில் லொறியில் பிரிட்ஜும் வந்தது. சின்னது, வெள்ளை, அழகானது. அழகாயி அதைத் தொடுவதற்குள் அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள். றாபியா வீட்டில் இருந்த அழகாயியின் யோகட் முழுவதையும் எடுத்துவந்து படத்துக்காக உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பிரதம அதிதி வந்து வெட்டும்வரை ரிப்பனை யாரும் அவிழ்க்கக் கூடாது.

கந்தோர் விழாவுக்கென்று கொண்டுவந்த யோகட்டில் கிண்ணங்களை மட்டும் சுபநேரத்தில் செய்துவைத்துவிட வேண்டும் என்று காலையிலேயே அவளை உட்காரவைத்தார்கள். அவள் செய்தாள். சபைக்குச் சேர்த்துச் செய்தும் அதிக நேரம் எடுக்கவில்லை. பிரிட்ஜில் வைக்க வழியில்லை, ரிப்பன். ஆகவே கிண்ணங்கள் பந்தலில் மேசை மேல் வரிசையாக நின்றன. வெயில் ஏற ஏறப் பந்தலின் நிழல் அவற்றைவிட்டு நகர்ந்துபோனது.

பொன்னுத்துரைக்கு வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் இருத்தினார்கள். பயனாளி அவர்தான். முதல் கரண்டியைப் பிரதம அதிதி தம் கையால் ஊட்டுவார்.

"அவருக்கு இப்ப குடுக்கிற நேரம் சேர்" என்றாள் அழகாயி. "காலையிலேர்ந்து வெறும் வயிறு. ஒன்னு எடுத்துக் குடுத்திடறேன்."

"குடுத்தா அப்புறம் ஊட்டுறது ரெண்டாவது கரண்டியாப் போயிரும். முதல் கரண்டின்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கு. இன்னா வந்துட்டாங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார் பதுர்தீன்.

பிரதம அதிதி வரவில்லை. ஒன்றரை மைல் தூரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். பிறகு அந்தக் குழாய்க்கு நன்றியுரை நடக்கிறது என்றார்கள். பள்ளிவாசலில் லுஹர் பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. பொன்னுத்துரையின் தலை மெல்லத் தொங்க ஆரம்பித்தது. அழகாயி அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். யோகட் இல்லை, பழம் இல்லை, எல்லாம் விழாவில் இருந்தது. வெந்நீரில் சீனி கரைத்து எடுத்துவந்தாள். பயனாளி வேறு ஏதோ குடிப்பது படத்தில் விழுந்தால் பிழையாகிவிடும் என்று யாரோ கிளாஸை மரியாதையோடு வாங்கிக் கீழே வைத்தார்கள். அவள் விட்டுவிட்டாள். அப்படி விட்டதை நினைத்துப் பின்னாளில் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த நேரத்தில் அதுவும் வரவில்லை.

பிரதம அதிதி வந்தபோது மத்தியானம் நன்றாகத் திரும்பியிருந்தது. மாலை, வெற்றிலை, குத்துவிளக்கு, வரவேற்புரை, நல்லையாவின் அடுக்குரை எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடித்தார்.

"நான் பாலம் திறந்திருக்கிறேன். மலசலகூடம் திறந்திருக்கிறேன். திறந்த பாலத்தையே மறுபடியும் திறந்திருக்கிறேன். ஆனால் ஒரு கிண்ணத்தைத் திறப்பது இதுவே முதல் தடவை. மக்கள் பசி, பசி என்கிறார்கள். நான் ஆராய்ந்து பார்த்துவிட்டேன். நாட்டில் பசி என்று ஒன்று கிடையாது. நேரத்தை முகாமை செய்யத் தெரியாததைத்தான் நாங்கள் பசி என்று தவறாக விளங்கிவைத்திருக்கிறோம். ஐந்து நிமிடம். ஐந்தே ஐந்து நிமிடத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் எவரும் பட்டினி கிடக்கத் தேவையில்லை." இதை அவர் வெகுநேரம் விளக்கினார். முன்வரிசையில் பொன்னுத்துரை இன்னும் வெறும் வயிற்றோடு இருந்தார்.

பிறகு ரிப்பனை வெட்டினார். பிரிட்ஜின் கதவைத் திறந்தார், கை தட்டினார்கள், மூடினார். மேசையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, பப்பாசி அடுக்குவரை கரண்டியை விட்டு அள்ளி, பொன்னுத்துரையின் வாயருகே கொண்டுபோனார். படம் எடுப்பவர் அப்படியே பிடிக்கச் சொன்னார். பிடித்தார். இன்னும் ஒன்று என்றார். பிடித்தார். கடைசியில் கரண்டி உள்ளே போனது.

பொன்னுத்துரை விழுங்கினார். நிமிர்ந்தார். பதுர்தீன் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

"கசக்குது" என்றார் பொன்னுத்துரை.

பதுர்தீன் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "பயனாளி இனிக்கிறது என்று தெரிவிக்கிறார்" என்றார்.

"கசக்குதுன்னேன்." இம்முறை மைக் தேவைப்படவில்லை. தெருவில் போன ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். அது பஸ்ஸில் கேட்ட குரல்.

அழகாயி வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து, புருஷனுக்கு முன்னால் மண்ணில் குந்தினாள். "என்னாங்க சொல்றீங்க? தெரியுதா ஒங்களுக்கு?"

"தெரியுது புள்ள. வேப்பங்கொட்டையக் கடிச்ச மாதிரி. நாக்கு அடியில கசக்குது." பிரதம அதிதியின் கையில் இருந்த கிண்ணத்தை வாங்கி, தானே அள்ளித் தின்றார். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தார். அடிவரைக்கும் வழித்துத் தின்றுவிட்டு, மேசையைக் காட்டி இன்னொன்று கேட்டார்.

பப்பாசி பட்ட யோகட் நேரம் போகப் போகக் கசக்கும் என்பது அழகாயிக்கும் தெரியாது, பெனர் அடித்தவனுக்கும் தெரியாது. சபைக்கு அன்று தெரிந்தது. எல்லாருக்கும் கிண்ணம் கொடுத்தார்கள். பிரதம அதிதி ஒரு வாய் உண்டு, கண் கலங்க, மிகவும் சுவையானது என்றார். அவர் சொன்ன பிறகு யாரும் வேறு மாதிரிச் சொல்ல முடியாது. அடுக்கின்படியே மேலிருந்து கீழ்வரை எல்லாரும் சுவையானது என்று சொல்லி விழுங்கினார்கள். நல்லையா மட்டும் சளியைக் காரணம் காட்டித் தப்பினார்.

அந்தியில் லொறி வந்து பிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போயிற்று. மறுநாள் இன்னொரு வீட்டில் விழாவாம். ரிப்பன் துண்டு முற்றத்தில் கிடந்தது.

நாலைந்து நாள் கழித்துப் பதுர்தீனும் நல்லையாவும் விசாரணைக்கு வந்தார்கள். அறிக்கையில் பயனாளியின் கருத்து என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே கசப்பு என்று எழுதினால் பிரிவையே மூடிவிடுவார்கள் என்றார் பதுர்தீன். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நல்லையா அவரைக் கையமர்த்திவிட்டுச் சட்ட நிலைமையை விளக்கினார்.

"உங்கள் கணவருக்கு ருசி தெரியாது என்பதன் அடிப்படையிலேயே அவர் பயனாளியாகத் தெரிவுசெய்யப்பட்டார். ருசி தெரியாத ஒருவர் கசக்கிறது என்று சொன்னால் அது செல்லாது. இல்லை, அவருக்கு ருசி தெரியும் என்றால், அவர் தகுதியில்லாமல் பயனாளியாக இருந்திருக்கிறார். அப்படியானால் பிரிட்ஜைத் திருப்பிக் கையளிக்க வேண்டிவரும்."

"பிரிட்ஜ அன்னைக்கே கொண்டுபோயிட்டீங்களே சேர்."

"அது வேறு பிரிவு" என்றார் நல்லையா. "இனித்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாருக்கும் நல்லது."

கட்டிலில் இருந்த பொன்னுத்துரை எழுந்து உட்கார்ந்தார். "டிக்கட்டக் கிழிச்சிக் கையில குடுத்தாச்சி சேர். அத மறுபடி புத்தகத்துல ஒட்ட முடியாது. கசந்திச்சி. அன்னைக்கு எனக்கு நல்லா கசந்திச்சி." சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர்கள் போய்விட்டார்கள். அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று அழகாயி விசாரிக்கவில்லை. அடுத்த மாதம் அந்தப் பிரிவுக்கு இன்னொரு மின்விசிறி வந்ததாக மட்டும் றாபியா சொன்னாள்.

அழகாயி இப்போது காலையில் இரண்டு கிண்ணம் செய்கிறாள். வாழைப்பழம், மாம்பழம் போட்டதை உடனே கொடுத்துவிடுகிறாள். பப்பாசி போட்டதைச் சன்னலில் வெயில் படும் பக்கமாக வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போகிறாள். விழாவில் பிரதம அதிதி தாமதித்து வந்து செய்த வேலையை இப்போது வெயில் செய்கிறது, மாலை எதுவும் கேட்பதில்லை.

கிளினிக்குக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னுத்துரை ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

"கசக்குதா?"

"கசக்குது." கொஞ்ச நேரம் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். "ஆனா முன்ன ஒரு மாதிரி இருக்கு புள்ள. கசப்பு வர்றதுக்கு முன்ன. என்னான்னு தெரியல. நீ தின்னு பாரு."

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டில் இத்தனை கிண்ணம் அடுக்கியவள் ஒருதடவைகூட அதை ருசி பார்த்ததில்லை. வேறு எதையும்கூட ருசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை. முதலில் பழம் இனித்தது. பிறகுதான் கசப்பு வந்து தொண்டையைப் பிடித்தது. அவளுக்கு அழுகை வந்தது. எத்தனையோ நாளாக வராமல் இருந்தது, கரண்டி வாயில் இருக்கும்போதே வந்துவிட்டது.

"அவ்வளவு கசக்குதா?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

"ஆமாங்க" என்றாள் அழகாயி. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி, இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.